ஒரே ரெக்கார்டிங், ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறது: ‘டெரேஸ்’ என்ற சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது?

வரவேற்பறை (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம். புதுச்சேரி ஒயிட் டவுனில், சுஃப்ரேன் வீதிப் பக்கம், ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வீடு தவளக்குப்பம். படித்தது தமிழ் மீடியம். இங்கே வேலைக்கு வந்தபிறகு விருந்தினர்களிடம் பேசிப் பேசிப் பழகிய ஆங்கிலம்தான் என்னுடையது. அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. நான் சொன்னது புரியாமல் இதுவரை யாரும் சாவி இல்லாமல் தெருவில் நின்றதில்லை.

ரூம் போடுகிறவர்களுக்கு முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போகட்டும் என்று முதலாளிக்கு ஒரு யோசனை. என்னையே பேசச் சொன்னார். வைஃபை, செருப்பை எங்கே விடுவது, ராத்திரி கேட்டை எப்போது பூட்டுவோம், எல்லாம் அதில் வரும். நடுவில் ஒரு வரி: ‘பிரேக்ஃபாஸ்ட் இஸ் சர்வ்டு ஆன் த டெரேஸ்.’ தகராறு அந்த வரியில்தான்.

போன வாரம் மாடியில் இரண்டு பேர் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அமெரிக்க அம்மா, ஓஹையோ மாநிலம், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தாராம். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சிரித்தபடி, ‘உன் மெசேஜ் கேட்க அழகாக இருக்கிறது. டெரேஸில் நீ பின்பாதியை அழுத்துகிறாய், நாங்கள் முன்பாதியை அழுத்துவோம்’ என்றார். பெல்ஃபாஸ்ட்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘இல்லையே, அவள் முன்பாதியைத்தானே அழுத்துகிறாள்?’ என்றார். அம்மா போனை எடுத்து மேசைமேல் வைத்து ஓட்டினார். ‘இதோ பார், டெ-ரேஸ்!’ அவரும், ‘ஆமாம், டெ-ரேஸ், முன்னாலேதான் இருக்கிறது!’ மறுபடி ஓட்டினார்கள். இட்லி ஆறிப்போனது. இரண்டு பேரும் இம்மி நகரவில்லை. பக்கத்து மேசை டெல்லிக் குடும்பத்தையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரர், ‘சரியாகத்தானே சொல்லியிருக்கிறார், இதில் என்ன சண்டை?’ என்று கேட்டுவிட்டுப் பொங்கலுக்குத் திரும்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், நான் முன்பாதியைத்தான் அழுத்துகிறேன். கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

என் சந்தேகம் இதுதான். ஒலி ஒன்று, போன் ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. அழுத்தம் என்பது ஒலியில் இருக்கிற சமாசாரம் என்றால், அது எப்படி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும்? யார் காது சரி? அப்புறம், நான் திரும்பப் பேசி ரெக்கார்ட் பண்ண வேண்டுமா? ‘முதல் எழுத்தைச் சத்தமாகச் சொல்லு’ என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதைச் செய்து பார்த்தாயிற்று. கேட்ட முதலாளி, ‘ஏன் கோபமாகப் பேசுகிறாய், வருகிறவன் பயந்துவிடுவான்’ என்றார்.


குரல் பயிற்சி (சென்னை) எழுதியது:

கால் சென்டர் பயிற்சியாளராக இருக்கிறேன். நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதான் இது. அமெரிக்கர் சொன்னதுதான் சரி. அவர் தாய்மொழிக்காரர், காது பொய் சொல்லாது. பெல்ஃபாஸ்ட்காரர் மரியாதைக்காக உங்கள் பக்கம் பேசியிருப்பார். ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டை விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். அழுத்தம் வருகிற அசையில் இழுங்கள், மற்றதில் விடுங்கள். முதல் அசையைப் பலமாகச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.


மஞ்சக்குப்பம் வாத்தியார் (கடலூர்) எழுதியது:

அம்மா, கல்லூரியில் ஆங்கில ஒலியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் பஞ்சாயத்தைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு டீச்சரும் சரி, மெக்கானிக்கும் சரி, நீங்களும் சரி. மேலே தம்பி சொன்னதுபோல அந்த மனிதர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டிருக்கிறது.

ஒலியை அளக்கப் போனால் நான்கு விஷயம்தான் கிடைக்கும்: குரல் ஏறுவது இறங்குவது, அசை நீள்வது, சத்தம் கூடுவது, உயிர் முழுதாக ஒலிக்கிறதா தேய்ந்து ஒலிக்கிறதா என்பது. இவற்றைக் கூட்டிக் கழித்து ‘கனம் இங்கே’ என்று முடிவு கட்டுவது கேட்பவர் காது. இந்த நான்கில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது, ஏறுகிற குரலுக்குப் போடுவதா இறங்குகிற குரலுக்குப் போடுவதா என்பதெல்லாம் அவர் எந்த ஆங்கிலத்தில் வளர்ந்தார் என்பதைப் பொறுத்தது.

சத்தத்தை முதலில் ஒழித்துக்கட்டுவோம், எல்லோரும் அதையே பிடித்துத் தொங்குகிறார்கள். ஆங்கிலேய ஒலியியலாளர் டென்னிஸ் ஃப்ரை 1955இல் ஒரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் ‘பெர்மிட்’, ‘கான்ட்ராக்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ மாதிரிச் சொற்களை முன்னால் அழுத்தினால் பெயர், பின்னால் அழுத்தினால் வினை. இந்த மாதிரிச் சொற்களை எந்திரத்தில் செயற்கையாக உண்டாக்கி, நீளத்தையும் சத்தத்தையும் தனித்தனியாக மாற்றிப் போட்டுக் காட்டி, பெயரா வினையா என்று ஆட்களைக் கேட்டார். சத்தத்தை மாற்றியதைவிட நீளத்தை மாற்றியதுதான் பதிலை அதிகம் மாற்றியது. 1958இல் குரலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தார். அது நீளத்தையே தூக்கிச் சாப்பிட்டது. ஆக, நீங்கள் சத்தமாகச் சொன்னபோது அழுத்தம் நகரவில்லை, கோபம்தான் வந்தது என்பதில் ஆச்சரியம் இல்லை. தம்பியின் ரப்பர் பேண்ட் யோசனை நல்லது. அது நீளத்தைப் பழக்கும். அதோடு ‘பலமாக’ என்று சேர்த்ததுதான் தேவையில்லாத வேலை.

இப்போது குரல். ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மனசுக்குள் வேண்டாம்: ‘நேத்து சாயங்காலம் பஸ்ல பண்ருட்டி போனேன்.’ ஒவ்வொரு சொல்லும் தாழ ஆரம்பித்து முடிவை நோக்கி ஏறுகிறதா? ‘சாயங்கால’த்தில் ‘சா’ கீழே, ‘லம்’ மேலே. கடைசிச் சொல் மட்டும் இறங்கும், அதுவும் பேச்சு அங்கே முடிந்தால்தான்; உங்கள் டெரேஸ் மாதிரி மேலே இன்னும் சொல்ல இருந்தால் அதுவும் ஏறியே நிற்கும். இத்தனைக்கும் ‘சாயங்காலத்தில் எது கனமான இடம்’ என்று எந்தத் தமிழரைக் கேட்டாலும் ‘சா’ என்பார். நம் பேச்சில் சொல்லின் தலை தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வே நமக்குத் தலை இருக்கிற இடத்தைக் காட்டும். ஏற்றம் அதற்குப் பின்னால் வருவது. இந்த மெட்டை நாம் அப்படியே ஆங்கிலத்துக்கும் எடுத்துப்போகிறோம். இந்திக்காரரும் ஏறக்குறைய இதே மெட்டு. டெல்லிக்காரருக்கு உங்கள் டெரேஸில் தகராறே தெரியாததற்குக் காரணம் அது.

அமெரிக்கர் கணக்கு வேறு. சாதாரணமாக ஒரு சொல்லை எடுத்துச் சொல்லும்போது கனமான அசையில் அவர் குரல் மேலே போகும். லூசி பிக்கரிங், கரோலின் வில்ட்ஷயர் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வகுப்பு எடுக்கும் இந்தியர்களின் பேச்சையும் அமெரிக்கர்களின் பேச்சையும் அளந்து ஒப்பிட்டார்கள். அமெரிக்கர் அழுத்தும் அசையில் குரலும் ஏறுகிறது, சத்தமும் கூடுகிறது. இந்தியர் அழுத்தும் அசையில் குரல் இறங்குகிறது; சத்தம் நம்பும்படி கூடுவதில்லை. உங்கள் மேசையில் நடந்தது இதுதான். ‘டெ’ தாழ்வு, ‘ரேஸ்’ ஏற்றம். ஓஹையோ அம்மா ஏற்றத்தைப் பிடித்தார். பாட்டு டீச்சர் வேறு, சுருதி ஏறிய இடம் காதில் பளிச்சென்று விழுந்திருக்கும்.

பெல்ஃபாஸ்ட் எப்படி உங்கள் கட்சி ஆனது என்பதுதான் இதில் ருசியான இடம். பெல்ஃபாஸ்ட் ஆங்கிலத்தில் சாதாரணமாகச் செய்தி சொல்லும் வாக்கியமே குரல் ஏறி முடியும். வெளியூர்க்காரர் கேட்டால் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறார்கள் என்று தோன்றும். அங்கே கனமான அசை தாழ்ந்து நிற்கும், குரல் அதற்குப் பின்னால் ஏறும். அந்த மெக்கானிக் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மெட்டு அது. கீழே இருக்கிற அசை கனமாக இருக்க முடியும் என்று அவர் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ‘தாய்மொழிக்காரர் காது’ என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோலத் தம்பி பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மேசையில் இரண்டு தாய்மொழிக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உங்கள் ‘ரே’. நீங்கள் ‘ரேஸ்’ என்று முழு நெடிலாகச் சொல்கிறீர்கள். அமெரிக்காவிலும் சரி, பிரிட்டனிலும் சரி, அந்த இடத்தில் உயிர் தேய்ந்துபோய் ‘டெரஸ்’ என்பதுபோல ஒலிக்கும், அந்த ‘ர’வும் அரைகுறைதான். இது நமக்குப் புதிதில்லை. ‘பசு’ என்று சொல்லுங்கள், உதடு குவியும். ‘பத்து’ என்று சொல்லுங்கள், குவியாது. குற்றியலுகரம், அரை மாத்திரை. ஐகாரக்குறுக்கமும் இந்த வகைதான். தமிழில் இந்தத் தேய்வு எழுத்தையும் இடத்தையும் பார்த்து வரும். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசையாகப் பார்த்து வரும். ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை கனம். ‘போட்டோகிராஃபர்’ ஆனதும் கனம் இரண்டாவதற்குத் தாவும். உடனே முதல் ‘போ’ தேய்ந்து ‘ஃப’ ஆகிவிடும். நாம் இரண்டிலும் ‘போட்டோ’வை முழுதாகவே சொல்வோம்.

ஆங்கிலத்தில் வளர்ந்த காது முதலில் தேடுவது இந்தத் தேய்வைத்தான். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வு, அதைச் செய்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கட்லர். ‘மியூசிக்’ என்ற சொல்லின் ‘மியூ’வையும் ‘மியூசியம்’ என்ற சொல்லின் ‘மியூ’வையும் வெட்டி எடுத்து, எது எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று கேட்கிற மாதிரிச் சோதனை. முதலாவது அழுத்தமுள்ளது, இரண்டாவது இல்லாதது, ஆனால் உயிர் இரண்டிலும் தேயவில்லை. ஆஸ்திரேலியர்களைவிட நெதர்லாந்துக்காரர்கள் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். டச்சு மொழியில் உயிர் அவ்வளவு தேய்வதில்லை. அதனால் அவர்கள் நீளத்தையும் குரலையும் உற்றுக் கேட்டுப் பழகியவர்கள். ஆங்கிலக்காரருக்குத் தேய்வு இருந்தால் போதும், மற்றதைக் கவனிக்காமலே காலம் தள்ளலாம். நீங்கள் அந்தத் தேய்வைக் கொடுக்கவில்லை. ஓஹையோ அம்மாவுக்கு மிச்சம் இருந்தது குரல் ஒன்றுதான், அதுவும் அவருக்குத் தலைகீழ்.

1969இல் ஆர். கே. பன்சால், இந்திய ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஹைதராபாதிலிருந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். புரியாமல் போவதற்குத் தவறான சொல்லழுத்தம் ஒரு முக்கியக் காரணம் என்று அதில் இருக்கும். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் அதை வேதமாக வைத்துப் பாடம் நடத்தினோம். உண்மையிலேயே இடம் மாறிய அழுத்தங்கள் நம்மிடம் நிறைய உண்டு, ‘ஹோட்டல்’, ‘கமிட்டி’ எல்லாம் அந்த வகை. ஆனால் உங்கள் டெரேஸ் அந்த வகை இல்லை. நீங்கள் இடத்தை மாற்றவில்லை.

திரும்பப் பேசுவதானால் மூன்று காரியம் செய்யுங்கள். ‘ரே’யைச் சுருக்கி ‘ர’ ஆக்கி விழுங்குங்கள். ‘டெ’யில் ஒரு கணம் நில்லுங்கள். வாக்கியக் கடைசியில் குரலைக் கீழே விடுங்கள். ‘பிரேக்ஃபாஸ்ட்’டையும் ‘பிரெக்ஃபஸ்ட்’ ஆக்கிவிடுங்கள், அதே வியாதிதான். சத்தத்தைத் தொடவே வேண்டாம்.


சொல்தா பேரன் (புதுச்சேரி) எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. எனக்கு அழுத்தம் முன்னாலும் கேட்காது, பின்னாலும் கேட்காது.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் தமிழ், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றாவதாக வந்தது. ஆங்கில டீச்சர் ‘ரெக்கார்ட்’ என்பதை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டு ‘வித்தியாசம் தெரிகிறதா’ என்பார். தெரியும். அடுத்தடுத்துச் சொன்னால் ஏதோ வேறு என்று தெரியும். நாலு சொல்லை வரிசையாகச் சொல்லி, ‘எதெது முதல் மாதிரி, எதெது இரண்டாவது மாதிரி’ என்று கேட்டால் மூளை வெள்ளைத் தாளாகிவிடும். வகுப்பில் அத்தனை பேரும் அப்படித்தான். பிறகு கல்லூரியில்தான் தெரிந்தது, இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது: 1997இல் இமானுவேல் துப்பூவும் கூட இருந்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களையும் ஸ்பானியர்களையும் வைத்து, அழுத்தத்தில் மட்டும் வேறுபடுகிற பொருளில்லாத சொற்களைக் கேட்க வைத்தார்கள். ஸ்பானியர்களுக்குச் சுலபம். பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள். காது செவிடில்லை, அழுத்தத்தை மனதில் குறித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடமே இல்லை. பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் அழுத்தம் கிடையாது, தொடரின் கடைசி அசை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

அக்கா, இதில் உங்களுக்கு ஒரு வேடிக்கை. பீச் ரோட்டில் இருக்கும் லெ கஃபேயை உங்கள் விருந்தினர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அமெரிக்கர்கள் ‘ஃபே’யில் அழுத்துவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘க’வில் அழுத்துவார்கள். ‘பாலே’, ‘கராஜ்’ எல்லாம் அப்படியே. பிரெஞ்சுக்காரர் சொன்ன அந்தக் கடைசி நீட்டலை அமெரிக்கர் அழுத்தம் என்று எடுத்து அப்படியே வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ்காரர் தன் ஊர்ச் சொல்போல முன்னால் தள்ளிவிட்டார். எங்கள் பிரெஞ்சு டீச்சரிடம் ‘இதில் எது சரி’ என்று ஒருமுறை கேட்டோம். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.


வரவேற்பறை (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. அந்தப் பண்ருட்டி வாக்கியத்தைப் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அரியாங்குப்பம் தாண்டும்போது பக்கத்து சீட் அம்மா, ‘பண்ருட்டியில யாரும்மா?’ என்று கேட்டுவிட்டார்.

நீங்கள் சொன்னபடி திரும்பப் பேசினேன். ‘ரே’யை விழுங்குவதுதான் கஷ்டம். பள்ளியில் ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகச் சொன்னால்தான் நல்ல உச்சரிப்பு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேய்த்துச் சொன்னால் சோம்பேறித்தனம் செய்கிற மாதிரி இருக்கிறது. ‘பிரெக்ஃபஸ்ட்’ சுலபமாக வந்துவிட்டது. ஓஹையோ அம்மா கிளம்பிவிட்டார், இப்போது இருக்கும் கனடா தம்பதிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ‘முன்னால்தான்’ என்றார்கள். பழையதைப் போட்டேன். ஒருவர் ‘பின்னால்’ என்றார், ஒருவர் ‘தெரியவில்லை, இரண்டும்’ என்றார்.

இன்னொரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. சில மாதம் முன்பு ஓர் ஆஸ்திரேலியப் பையன் வந்தவுடன், ‘காலையில் என்ன ரேஸ்? நானும் ஓடலாமா?’ என்று கேட்டான். பீச் ரோட்டில் காலையில் கூட்டமாக ஓடுவார்களே, அதைக் கேட்கிறான் என்று நினைத்து நேரம் எல்லாம் சொல்லி அனுப்பினேன். அவனும் போய் ஓடிவிட்டு வந்து, மாடியில் சாப்பாடு இருப்பது தெரியாமல் வெளியே போய்ச் சாப்பிட்டான். அவன் கேட்டது என் ‘டெ-ரேஸ்’ஸைத்தானோ? ‘டெ’ எங்கே போயிற்று அவனுக்கு?


மஞ்சக்குப்பம் வாத்தியார் (கடலூர்) எழுதியது:

அருமையான உதாரணம் அம்மா. வகுப்பு நடத்திய காலத்தில் இது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. எங்கே வெட்டுவது என்று காதுதான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலக்காரர் வைத்திருக்கும் குறுக்கு வழி: தேயாத அசை வந்தால் அங்கே புதுச்சொல் ஆரம்பிக்கிறது. குருட்டுத்தனமான விதியாகத் தோன்றும், ஆனால் பலிக்கிறது. அதே ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கெடுத்தார்கள். ஆங்கில உரையாடலில் வரும் பொருளுள்ள சொற்களில், அதாவது ‘த’, ‘ஆஃப்’ போன்ற ஒட்டுச் சொற்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 100க்கு ஏறத்தாழ 90 இப்படித் தேயாத அசையில்தான் தொடங்குகின்றன.

உங்கள் பையன் ‘ரே’யைக் கேட்டான். முழு நெடில், அதுவும் குரல் ஏறி நிற்கிறது. ‘இதோ புதுச்சொல்’ என்று வெட்டினான். ‘ரேஸ்’ என்று ஒரு சொல் கையோடு கிடைத்தது. ‘டெ’யை ‘த’வோடு சேர்த்து ஏதோ முனகல் என்று விட்டிருப்பான். ஜான் ஃபீல்ட் 2005இல் காட்டியதும் இதோடு ஒட்டும்: அழுத்தத்தை முன்னால் நகர்த்தினால் கேட்பவர் எப்படியோ சமாளிக்கிறார், பின்னால் நகர்த்தினால்தான் அதிகம் தடுமாறுகிறார். ‘ஹோட்ட’லை நாம் முன்னால் அழுத்திச் சொல்வதால் எந்த வெள்ளைக்காரனும் தெருவில் படுத்ததில்லை.


நெல்லிக்குப்பம் நர்ஸ் (வேல்ஸ்) எழுதியது:

சார், பெல்ஃபாஸ்ட் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேல்ஸில் ஸ்வான்ஸி பக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். இங்கே வயதான நோயாளிகள், அதுவும் வீட்டில் வெல்ஷ் பேசுகிறவர்கள், என் பேச்சை ‘எங்கள் பேத்தி பேசுகிற மாதிரி இருக்கிறது’ என்பார்கள். லண்டனிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் மட்டும் அடிக்கடி ‘என்ன, என்ன’ என்பார். வெல்ஷ் மொழியில் கனம் கடைசிக்கு முந்தைய அசையில் வரும், குரலோ கடைசி அசையில்தான் ஏறும் என்று இங்கே கூட வேலை செய்கிற பெண் சொன்னாள். இங்கிலாந்துக்காரர்கள் அவர்கள் ஊர்ப் பெயர்களையே தப்பான இடத்தில் அழுத்திக் கேட்பார்களாம். அதே மெட்டு இவர்கள் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நம் மெட்டும் அதே சாயல் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் மெட்டு என்று சொல்லிவிட முடியாது. நான் கிளம்பும் முன் அமெரிக்க வீடியோக்கள் பார்த்துத்தான் படித்தேன். விரல் நகத்தை அழுத்தி விட்டு ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்போமே, அந்த கேப்பிலரி ரீஃபில். அமெரிக்கர்கள் ‘கேப்’பில் அழுத்துவார்கள். நானும் அப்படியே சொன்னேன். இங்கே சீனியர் சிஸ்டர் ஒரு நொடி விழித்தார். இவர்கள் ‘கபில்லரி’ என்று இரண்டாவதில் அழுத்துகிறார்கள், ‘க’ இருக்கிற இடமே தெரியாது. ‘லேபரட்டரி’யும் அப்படி, இங்கே ‘லபாரட்ரி’. இதில் குரல் ஏறினாலும் இறங்கினாலும் பயன் இல்லை, சொல்லே வேறு. அவசர நேரத்தில் எந்த ஊர் வார்டில் நிற்கிறோமோ அந்த ஊர்ச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். இதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.


குரல் பயிற்சி (சென்னை) எழுதியது:

ஐயா, ரப்பர் பேண்டை விட்டுவைத்ததற்கு நன்றி. ஆனால் என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் வாடிக்கையாளர்கள் முழுக்க அமெரிக்கர்கள். ஓஹையோ அம்மாவின் காதுதான் அவர்களுக்குச் சம்பளம் தருகிறது. அங்கே ‘நீங்களும் சரி’ என்று சொல்லி அனுப்ப முடியாது.


மஞ்சக்குப்பம் வாத்தியார் (கடலூர்) எழுதியது:

முடியாதுதான் தம்பி, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்கிறவர் அமெரிக்கர் என்றால் அமெரிக்கக் காதுக்குப் பேசுங்கள். நான் சொல்வது, எதைப் பழக்க வேண்டும் என்பதை. பலத்தைப் பழக்காதீர்கள். தேய்வையும் நீளத்தையும் பழக்குங்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் குரல் கொஞ்சம் முன்பின் போனாலும் கேட்பவர் காது மன்னித்துவிடும்.

வரவேற்பறை அம்மாவின் நிலைமை வேறு. அவர் விருந்தினரில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், கொரியர், வடநாட்டார் என்று ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் அப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்த உச்சரிப்பெல்லாம் கட்டாயம் தேவை என்று ஒரு பட்டியல் போட்டார். வாக்கியத்தில் எந்தச் சொல்லை எடுத்துச் சொல்கிறோம் என்பது அதில் உண்டு. சொல்லுக்குள் அழுத்தம் எங்கே என்பதை அவர் சேர்க்கவில்லை. அது சரியா என்று இன்னும் வாதம் நடக்கிறது. என் யோசனை, இரண்டு ரெக்கார்டிங்கும் இருக்கட்டும் அம்மா, ஆனால் ‘டெரேஸ்’ என்பதற்குப் பக்கத்தில் ‘அப்ஸ்டேர்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். யாரும் ஓடக் கிளம்ப மாட்டார்கள்.


வரவேற்பறை (புதுச்சேரி) எழுதியது:

சேர்த்துவிட்டேன் ஐயா. முதலாளி கேட்டுவிட்டு, ‘பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், அதேதானே?’ என்றார். விளக்கப் போனேன். அதற்குள், ‘சரி, பிரெஞ்சிலும் ஒண்ணு வேணும், ஆள் பாரு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்தா பேரன் தம்பி, நேரம் இருந்தால் உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பேச வேண்டியதை நான் எழுதித் தருகிறேன், அழுத்தம் பற்றிய கவலையே இருக்காது.